வளைந்து நிமிரும் கோல்

தூண்டிற்கோல் வாங்கப் போகிறவன் கடையில் செய்கிற முதற் காரியம், அதன் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியை நாலைந்து தடவை காற்றில் ஆட்டிப் பார்ப்பதுதான். அப்படி ஆட்டும்போது நுனி அதிகம் அசையாமல் விறைத்து நிற்குமாயின், இது வலிமை மிக்க கோல், இதைக் கொண்டு வெகுதூரம் எறியலாம் என்ற அபிப்பிராயம் அவன் மனத்தில் தானாகவே உண்டாகிவிடுகிறது. இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய சில ஆண்டுகளுக்குள் கெண்டை மீன் பிடிப்பதில் எனக்குப் பற்று ஏற்பட்டபோது, நானும் அவ்விதமே ஆட்டிப் பார்த்து, அவ்விதமே நிச்சயித்து, 13 அடி நீளமும் மூன்றரை ராத்தல் வலுவும் உடையதென்று எழுதியிருந்த கார்பன் கோல் ஒன்றை வாங்கி வந்தேன். அந்தக் கோலால் நான் அடைந்த ஏமாற்றமும், அதிலிருந்து எனக்குக் கிடைத்த தெளிவும், இந்தக் காரியத்தில் புதிதாகப் புகுகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நம்புகிறேன்.

தூரம் எதற்காக என்பதை முதலில் சொல்ல வேண்டும். லண்டனுக்கு மேற்கே கோல்ன் நதியின் பள்ளத்தாக்கில், கட்டடங்களுக்காகவும் சாலைகளுக்காகவும் சரளைக்கல் வெட்டியெடுத்த குழிகள் பல, வேலை முடிந்தபின் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. எந்திரங்கள் தோண்டாமல் விட்ட இடங்கள் நீருக்கடியில் நீண்ட மேடுகளாகக் கிடக்கின்றன. அவற்றின் சரிவிலே கெண்டைகள் இரை தேடுகின்றன. கரையில் ஆள் நடமாட்டமும் கூடாரமும் மிகுந்த நாட்களில், மீன்கள் தாமே ஒதுங்கி நடு ஏரிக்குப் போய்விடுவதால், 90 கஜத்துக்கும் 100 கஜத்துக்கும் அப்பால் இரையைச் சேர்ப்பிக்க முடிகிறவனுக்கே மீன் கிடைக்கும் என்ற நிலை அங்கே அடிக்கடி ஏற்படுகிறது.

முன்னோர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இருந்ததில்லை. இந்நாட்டில் கெண்டை பிடிப்பதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் என்று சொல்லத்தக்க ரிச்சர்ட் வாக்கர், 1952 செப்டம்பர் 13ஆம் தேதி அதிகாலையில் 44 ராத்தல் எடையுள்ள கெண்டையைப் பிடித்தது, ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஏறக்குறைய மூன்று ஏக்கர் பரப்பே உள்ள ரெட்மையர் என்னும் குளத்திலேயாகும். அந்த மீன் லண்டன் மிருகக்காட்சிசாலையின் நீர்த்தொட்டியில் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. அதைப் பிடித்த கோலோ வாக்கரே தமக்கென்று திட்டமிட்டுச் செய்துகொண்ட, ‘நான்காம் மார்க்’ என்று பிற்காலத்தில் பிரசித்தி பெற்ற, பத்தடி மூங்கிற்கோல். மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு பிளாச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி அறுகோணமாக்கிய அந்தக் கோலின் வலு ஒன்றரை ராத்தல்தான்.

வலு என்று நான் சொல்வதை இந்நாட்டார் ‘டெஸ்ட் கர்வ்’ என்கிறார்கள். கோலின் அடியை அசையாமல் நிறுத்தி, நுனியில் ஒரு நூலைக் கட்டி இழுத்தால், நுனி அடிக்குச் செங்கோணமாக வளைந்து நிற்பதற்கு எத்தனை ராத்தல் இழுப்பு வேண்டியிருக்கிறதோ, அதுவே அந்தக் கோலின் வலுவாகும். எஞ்சினீயரிங் கற்றவரான வாக்கர் இந்த அளவைத் தூண்டிற்காரர்களிடையே பரப்பினார். ஒரு ராத்தல் வலுவுக்கு ஒரு அவுன்ஸ் ஈயம் என்ற சுலபமான கணக்கும் அதையொட்டி வழக்கத்துக்கு வந்தது. ஆகவே மூன்று ராத்தல் கோலுக்கு மூன்று அவுன்ஸ் ஈயக்குண்டு பொருந்தும். என் கோலுக்கு மூன்றரை அவுன்ஸ் பொருந்தும் என்று கணக்கிட்டு, அதையே கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

கணக்கு சரியாயிருந்தும் காரியம் சரியாக நடக்கவில்லை. உடம்பெல்லாம் நோக எறிந்தும், குண்டு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் விழுந்தது. 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு நரம்பை அவற்றில் மாறி மாறிச் சுற்றி, ஒரு குச்சியிலிருந்து மற்றதற்கு நாலு கஜம் என்று எண்ணிப் பார்த்தபோது, பதினெட்டு நீளங்கள், அதாவது 72 கஜம் வந்தது. எனக்குப் பக்கத்தில், என்னைவிடக் குறைந்தது இருபது வயது மூத்த ஒருவர், 12 அடிக் கோலை வைத்துக்கொண்டு, எவ்விதப் பிரயாசையுமின்றி இருபத்தைந்து நீளம் எறிந்துகொண்டிருந்தார். அவருடைய கோலின் வலு இரண்டேமுக்கால் ராத்தல் என்று கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை.

அவர் என் கோலை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் எறிவதைப் பின்னால் நின்று ஒருமுறை கவனித்தார். பிறகு, “நீங்கள் கோலை வளைக்கவே இல்லை, வளையாத கோல் எப்படி எறியும்?” என்று மெதுவாகக் கேட்டார். வேறொன்றும் சொல்லாமல், தம்முடைய கோலையே என் கையில் கொடுத்தார்.

எறிகிறவன் கையில் கோல் நெம்புகோலாகவும் வில்லாகவும் ஏககாலத்தில் தொழில் செய்கிறது. ரீலைப் பிடித்திருக்கும் கை மேல்நோக்கித் தள்ள, அடியைப் பிடித்திருக்கும் கை மார்பை நோக்கி இழுக்க, கோல் நடுவில் வளைந்து அந்த உழைப்பைத் தனக்குள் சேமித்து வைத்துக்கொள்ளுகிறது. நரம்பை விடுகிற கணத்தில் அது நிமிரும்போது, சேமித்ததையெல்லாம் குண்டுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் எறிகிறவனால் வளைக்க முடியாத வலு அவனைப் பொறுத்தவரையில் இல்லாத வலுவே. பயிற்சி மிக்க ஒருவர் கையில் நூற்றைம்பது கஜம் எறியக்கூடிய கோல் என் கையில் வெறும் கழியாக நின்றது இதனால்தான். அன்று அந்தப் பெரியவரின் கோலைக் கொண்டு, குண்டை நுனியிலிருந்து கோலின் பாதி நீளத்துக்குத் தொங்கவிட்டு, அவசரமின்றித் தொடங்கிக் கடைசியில் மட்டும் விசையைக் கூட்டி எறிந்தபோது, எனக்கு 84 கஜம் கிடைத்தது. என் கரங்களின் பலம் அரைமணி நேரத்தில் பெருகிவிடவில்லை. இருந்த பலம் வீணாகாமல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

வளைவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. நிமிருகிற வேகமும் வேண்டும். மூங்கிற்கோல் கனமானது, வளைந்தபின் தன்னுடைய சொந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு நிமிர வேண்டியிருப்பதால் அதன் விசையில் ஒரு பகுதி அதிலேயே செலவாகிவிடுகிறது. 1960களில் ஃபார்ன்பரோவிலிருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வலிமையுள்ள கார்பன் இழை, சில வருஷங்களுக்குள்ளேயே தூண்டிற்கோலுக்கும் வந்து சேர்ந்தது. இலேசாகவும் விறைப்பாகவும் இருப்பது அதன் விசேஷ குணம். நல்ல கார்பன் கோல் நிமிர்ந்தவுடன் அடங்கி நிற்கிறது. மட்டமானது, நிமிர்ந்தபின்னும் நடுங்கி, போகும் நரம்பை வளையங்களில் தட்டித் தட்டி வேகத்தைக் கெடுக்கிறது. முதல் வளையத்தை 50 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக வைப்பதும், ரீலிலிருந்து சுருள் சுருளாகப் புறப்படுகிற நரம்பு தடையின்றிப் போவதற்காகவேதான்.

நரம்பு மெல்லியதாக இருந்தால் தூரம் கூடும் என்பது உண்மை. ஆனால் மெல்லிய நரம்பில் கனத்த குண்டைக் கட்டி முழுப் பலத்தோடு எறிந்தால், அது அறுந்து குண்டு மட்டும் துப்பாக்கிக் குண்டு போலப் பறந்துவிடும். எதிர்க்கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்காகவே முனையில் கோலின் நீளத்துக்கு இருமடங்குக்கு மேல், ரீலில் சில சுற்றுகளும் சேரும்படி, தடித்த நரம்பு ஒன்றை முடிந்துகொள்கிறோம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், மின்கம்பிகளின் கீழே இந்தக் கோல்களை உயர்த்துவது உயிருக்கே ஆபத்தாகும். தூரத்தை விரும்புகிறவன் இவ்விரண்டையும் ஒருபோதும் மறக்கலாகாது.

இதுவரை சொன்னது பாதிதான். எறிவதற்கு ஒரு கணம் போதும். மாட்டிய மீனைக் கரை சேர்க்கக் கால்மணி நேரம் வேண்டும், அவ்வளவு நேரமும் அதே கோல்தான் கையில் இருக்கிறது. என் விறைத்த கோலில் முதன்முதலாக மாட்டிய பெருங்கெண்டை, தூரத்தில் இருக்கும்வரை நரம்பின் நீட்சியால் ஒருவாறு அடங்கி வந்து, வலைக்கு மூன்று கஜம் இருக்கையில் தலையை ஒருமுறை உதறிற்று. நரம்பு குறுகிவிட்ட அந்த இடத்தில் அந்த உதறலை ஏற்றுக்கொள்ளக் கோல்தான் வளைந்து கொடுத்திருக்க வேண்டும், அது கொடுக்கவில்லை. முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. மீன் போனது எனக்கு அவ்வளவு துக்கமாயில்லை. பிடித்து, எடை பார்த்து, திரும்ப நீரில் விடப்போகிற ஒரு பிராணியின் வாயை, என் தவறான தேர்வினால் காயப்படுத்தினேனே என்பதுதான் இன்றளவும் மனத்தை உறுத்துகிறது. 1980இல் கிறிஸ் யேட்ஸ் என்பவர் வாக்கரின் சாதனையை முறியடித்து, அதே ரெட்மையரில் ஐம்பத்தொன்றரை ராத்தல் கெண்டையைப் பிடித்தபோது, கார்பன் கோல்கள் வந்துவிட்ட காலத்திலும், பழைய மூங்கிற்கோலையே வைத்திருந்தார் என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இந்தக் கெண்டை எனக்குப் புதிய பிராணியன்று. ஜெர்மானிய ரகத்தைச் சேர்ந்த இதே மீனை 1939இல் இலங்கையிலிருந்து கொணர்ந்து உதகமண்டலம் ஏரியில் விட்டார்கள்; நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில். தூண்டிலுக்குக் கழி வேண்டும் என்று அடம்பிடித்த என்னை என் தந்தையார் சந்தைக்கு அழைத்துப் போனதும், குவித்திருந்த மூங்கிற் கழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தி வளைத்து, சட்டென்று விட்டு, எத்தனை முறை நடுங்கி அடங்குகிறது என்று உற்றுப் பார்த்ததும் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. நான் ஆசைப்பட்ட தடித்த கழியை அவர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது நான் வைத்திருப்பது 12 அடி நீளமும் மூன்று ராத்தல் வலுவும் உள்ள கோல். அதில் நிதானமாக எறிந்தால் 95 கஜம் போகிறது. அதை வாங்கிய அன்று நான் ஆட்டிப் பார்க்கவில்லை. நுனியைப் பிடித்துக்கொள்ளும்படி கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, அடியைப் பிடித்து மெல்ல உயர்த்தினேன். கோல் முதலில் நுனியிலும், பிறகு நடுவிலும், இழுப்பு ஏற ஏற அடிவரையிலும் வளைந்து வந்தது. விடச் சொன்னேன், இரண்டு முறை நடுங்கி, அடங்கி நின்றது. சந்தையில் தந்தையார் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை, அந்தக் கடையில் நின்றுகொண்டுதான் நான் தெரிந்துகொண்டேன்.