வில்லன் இல்லாத விவாகரத்து

விவாகரத்துக்குப் பிறகு, எதிர்பாராமல் வரும் ஒரு காதலைத் திரைக்கதையாக எழுத உட்கார்கிறீர்கள் என்றால், அந்தக் காதலைத் தொடுவதற்கு முன்பு ஒரு கேள்விக்குப் பதில் தேவை. முதல் கல்யாணம் ஏன் முடிந்தது?

கதை விவாதத்தில் இதைக் கேட்டதும் தயாராக வந்து விழும் பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. புருஷன் குடிகாரன், அடிப்பான், இன்னொருத்தியோடு போய்விட்டான். இதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாகிவிடும். முதல் ரீலிலேயே ஜனங்கள் நாயகி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆனால் அடுத்து வருகிறவன் அடிக்காமல் இருந்தாலே போதும் என்றாகிவிடும். அடிக்காத ஆண் கிடைப்பது நிம்மதி, அதைக் காதல் என்று சொல்ல முடியாது. காதல் கதை எழுத வந்தவர் மீட்புக் கதை எழுதிக்கொண்டிருப்பார்.

அதனால் இப்போது எழுதிவரும் கதையில் முன்னாள் கணவனை நல்ல மனிதனாகவே வைத்திருக்கிறேன். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்கக் கூட இருந்தவன். மகளின் ஸ்கூல் ஃபீஸை ஒருநாள் தவறாமல் கட்டுகிறவன். ஆனாலும் அந்த வீட்டில் இருவருக்கும் பேச ஒன்றுமே இல்லாமல் போனது. பழியை அவன் தலையில் போட்டுவிட்டு அவளால் நகர முடியாது. அந்தக் கல்யாணத்துக்குள் தான் யாராக இருந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிய காதலுக்கு நான் தேடும் தடை இந்தக் கேள்விதான். அப்பாவின் அந்தஸ்தோ அடியாள் கும்பலோ இந்தக் கதைக்குத் தேவையில்லை.

நம் சினிமா இந்த வாசல் வரை வந்திருக்கிறது. 1986-இல் வந்த ‘மௌன ராகம்’ படத்தில், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து கேட்க முடியாது என்கிறார் வக்கீல். அந்த ஒரு வருடத்தில்தான் மனைவி கணவனை நெருங்குகிறாள். 2020-இல் வந்த ‘ஓ மை கடவுளே’ குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி, அதே மனைவியிடம் நாயகனைத் திருப்பி அனுப்புகிறது. ஹாலிவுட்டில் 1937-லேயே ‘தி ஆஃபுல் ட்ரூத்’ இந்த வடிவத்தை அழகாகச் செய்து காட்டிவிட்டது. தீர்ப்பு இறுதியாவதற்குள் பிரிந்த ஜோடி சேர்ந்துவிடும். இவை எனக்குப் பிரியமான படங்கள். ஆனால் மூன்றிலும் பயணம் பழைய வீட்டுக்கே திரும்புகிறது. கௌதம் மேனனின் ‘என்னை அறிந்தால்’ விவாகரத்தான பெண்ணை மரியாதையோடு காதலிக்க வைத்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அவள் கொல்லப்படுகிறாள், அதன் பிறகு கதை நாயகனுடையதாகிவிடுகிறது. அவள் உயிரோடு இருந்து, புதிய வாழ்க்கைக்குத் தானே முடிவெடுக்கும் படத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது, புதியவன் தீர்ப்புக்கு முன்னால் வருகிறானா, பின்னால் வருகிறானா என்பது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, பரஸ்பர சம்மதத்தில் பிரிய ஒரு வருடமாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு யோசிப்பதற்கு ஆறு மாதம் கொடுக்கிறது சட்டம். தேவைப்பட்டால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும் வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். புதியவன் இந்த இடைவெளியில் வந்தால் விறுவிறுப்பு தானாகவே வந்துவிடும், விஷயம் தெரிந்தால் கணவன் கையெழுத்துப் போடுவானா என்று தியேட்டரே பதைக்கும். ஆனால் காதல் பிரிவுக்குக் காரணமானதுபோல் தோன்றும். தீர்ப்புக்குப் பிறகு வந்தால் சட்டத்தின் தடை ஏதும் இல்லை, எல்லாத் தடையும் மனசுக்குள்ளிருந்தே வர வேண்டும். எழுதக் கஷ்டமான இந்த இரண்டாவது வழியைத்தான் எடுத்திருக்கிறேன். ஜீவனாம்சம் மட்டும் ஒரு கணக்காகக் குறுக்கே வரும். மறுமணம் செய்துகொண்டால் அந்த மாதப் பணத்துக்கு அவளுக்கு உரிமை இருக்காது. பயம் பணத்தைப் பற்றியதாகிவிடக் கூடாது என்பதற்காக, ஈரோட்டில் அவளுக்குச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

‘எதிர்பாராத’ காதல் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். போஸ்டரைப் பார்த்ததுமே யாரோடு யார் சேர்வார்கள் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். எதிர்பாராமை கதாபாத்திரத்துக்குத்தான். அது சந்திப்பில் இருக்காது, எந்தச் சின்னச் செயலில் மனசு அசைகிறது என்பதில் இருக்கும்.

என் கதையில் அது இ-சேவை மையத்தில் நடக்கிறது. கணவன் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை எடுக்க வந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரர் இறந்துபோன தன் அம்மாவின் பெயரை எடுக்க வந்தவர். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன் தலை நிமிராமல், “பேர் நீக்கங்களா? இறப்புச் சான்றிதழ் குடுங்க” என்கிறான். “இறப்பு இல்லைங்க” என்கிறாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அவர் மட்டும் சுவரில் ஒட்டிய கட்டண விவரத்தைப் படிக்கத் தொடங்குகிறார். பதற்றத்தில் தீர்ப்பின் ஒரிஜினலை ஜெராக்ஸ் மிஷின் மூடிக்கடியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்குகிறாள். அவர் ஓடி வந்து, “ஏங்க, இதை விட்டுட்டு வந்துட்டீங்க” என்று நீட்டுகிறார். எழுத்துகள் உள்பக்கம் போகும்படி காகிதம் மடிக்கப்பட்டிருக்கிறது. இதோடு சீன் முடிகிறது. பின்னணி இசையோ இரண்டாவது பார்வையோ வேண்டாம். அந்த மடிப்பை அன்றிரவு கடையில் பில் போடும்போது அவள் நினைத்துக்கொண்டால் போதும். விளக்கம் கேட்காத ஒரு மனிதரை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்திருக்கிறாள்.

குழந்தையிடம்தான் நான் மிகவும் கவனமாக இருக்கிறேன். விவாதத்தில் யாராவது ஒருவர், “பொண்ணே ரெண்டு பேரையும் சேத்து வெக்கிற மாதிரி பண்ணலாம் சார்” என்பார். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுப்பது அநியாயம். அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும். புதியவரையும் பிடிக்க ஆரம்பிக்கிறது. அது அப்பாவுக்குச் செய்யும் துரோகமோ என்று பயந்து, புதியவர் வாங்கித் தந்த ஜியாமெட்ரி பாக்ஸை அப்பா வீட்டுக்குப் போகும் சனிக்கிழமை மட்டும் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறாள். இதற்கு வசனமே தேவையில்லை. அம்மா அதைப் பார்க்கும் இடம்தான் என் இடைவேளை.

உச்சக்காட்சி கல்யாண மண்டபத்தில் இல்லை. பெற்றவர்களிடம் சொல்வதற்கு முன்பே அவள் முன்னாள் கணவனைத் தேடிப்போய்ச் சொல்கிறாள். ஒரு கல்யாணத்துக்குள் அவள் எப்படி இருப்பாள் என்று அறிந்த ஒரே மனிதன் அவன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, “பாப்பாகிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்கிறான். அந்த ஒரு கேள்வியில் அவனுடைய வலி, பொறுப்பு, விட்டுக்கொடுப்பு மூன்றும் வந்துவிடும். முதல் பக்கத்தில் அவனைக் குடிகாரனாக எழுதியிருந்தால் கடைசிப் பக்கத்தில் இந்த வசனத்தை அவன் வாயில் வைத்திருக்க முடியாது. எனவே இப்படி ஒரு கதையோடு வரும் உதவி இயக்குநர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காதலனைப் பற்றி எழுதுவதற்கு முன்பு, அந்த முன்னாள் கணவன் தரப்பிலிருந்து கதையை ஒருமுறை எழுதிக்கொண்டு வாருங்கள்.