கூத்தனூரில் எடுத்த சீட்டு

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் கலைமகளுக்கெனத் தனிக்கோயில் உண்டு என்பதை அன்பர்கள் அறிவர். தேர்வுக் காலத்தில், ஏடும் எழுதுகோலும் அன்னையின் திருவடியில் வைத்து வாங்கிச் செல்லும் பிள்ளைகளை அங்கே காணலாம். அந்தச் சந்நிதியில் 1998ஆம் ஆண்டு நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெரியோர்க்கு இது பயன்படக்கூடும்.

என் மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயில வேண்டும் என்பது அவன் விருப்பம். அவனைப் பொறியாளனாகக் காண வேண்டும் என்பது என் விருப்பம். வாதம் முற்றவே, "அன்னையிடமே கேட்டுவிடுவோம்" என்றேன். அவனே இரண்டு சீட்டுகள் எழுதி மடித்தான். திருவடியில் வைத்து அர்ச்சகர் நீட்டிய தட்டிலிருந்து ஒன்றை நான் எடுத்துப் பிரித்தேன். 'வேளாண்மை' என்றிருந்தது. "பொறியியல்" என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மகன் அன்னையை வணங்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே வந்தான்.

அவன் பொறியியல் படித்தான்; இன்று சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆயினும் அவன் வீட்டு மொட்டைமாடிக்குச் செல்லும்போதெல்லாம், சாக்குகளில் அவன் வளர்க்கும் கத்தரியையும் வெண்டையையும் கண்டு என் தலை தாழும்.

2025ஆம் ஆண்டு அவன் மகளுக்குக் கல்லூரி தேடும் காலம் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் திருப்பணியின்போது ஸ்தபதியை விடாமல் கேள்வி கேட்டுத் துளைத்த பெண் அவள். கட்டடப் பொறியியல் படிக்க விரும்பினாள். உறவினர் அனைவரும் கணினிப் படிப்பே நல்லது என்றனர். அவள் என்னிடம் வந்து, "தாத்தா, கூத்தனூரில் சீட்டுப் போட்டுப் பார்ப்போமா?" என்றாள்.

என் நெஞ்சு பதறியது. அன்றிரவு மகனையும் பேத்தியையும் அமரவைத்து உண்மையைச் சொன்னேன். மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தவன் நான்தானே அப்பா" என்றான். இருபத்தேழு ஆண்டுகள் அவன் அதை அறிந்தே இருந்திருக்கிறான்!

தெய்வத்திடம் கேட்பது பிழையன்று. கேட்கும் முன்பே விடையை முடிவு செய்துகொண்டு கேட்பதே பிழை. ஆகவே இம்முறை சீட்டுப் போடவில்லை. பேத்தியின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கணக்கிட்டோம்: கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்கு. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரிவாரியாகப் பார்த்தோம். சில கல்லூரிகளுக்கு நேரில் சென்றோம். அவள் ஆய்வகங்களைப் பார்த்தாள். அங்கே பயிலும் மாணவியரிடம் தனியே பேசினாள். நான் விடுதியையும் உணவையும் கட்டணத்தையும் விசாரித்தேன். முதியோர்க்கு உரிய வேலை அதுதான் என்று அப்போது தோன்றியது.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலின் வரிசை மிக முக்கியம். கணினி அப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தையே ஒதுக்கும். அரைமனத்துடன் ஒன்றை மேலே எழுதினால், உண்மையில் விரும்பியது கீழே இருந்தும் கைக்கு வாராது. "உன் மனத்தில் முதலில் இருப்பதை முதலில் எழுது அம்மா" என்றேன். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் கட்டடப் பொறியியலை அவள் முதலில் எழுதினாள். அதுவே கிடைத்தது.

கல்லூரியில் சேரும் முன் மூவரும் கூத்தனூர் சென்றோம். பேத்தி புது ஏட்டைத் திருவடியில் வைத்து நல்லறிவு வேண்டினாள். நான் மன்னிப்பு வேண்டினேன். கண் திறந்தபோது, என் மகன் என் கையைப் பற்றிக்கொண்டு நின்றான்.