சுத்தபோசனமும் மீன் குழம்பும்

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒரு மீனவர் குடியிருக்கிறார். புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்து வந்தனர். அவர் பெயரால் படகோட்டிகள் தம் உழைப்பின் காசைச் சேர்த்து எழுப்பிய ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன்பு, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் அந்தப் படகோட்டிகள். அத்தகைய ஊரில் பிறந்தவனுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்த சுவை மீன் குழம்பு என்றால், அதில் மிகை ஏதுமில்லை.

எழுபதுகளில் நான் சிறுவன். கல்மண்டபத்திற்கு அருகே ஒரு சந்தில், ஐந்து குடித்தனங்கள் வாழ்ந்த வீட்டில், ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் எங்களுடையவை. தந்தை துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி. தாழ்வாரத்தின் மூலைதான் அம்மாவின் சமையலறை. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று இருந்தது. ஆனால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் மரத்தூள் அடுப்புதான். அறுவைப் பட்டறையிலிருந்து கோணியில் தூள் சுமந்து வருவது என் வேலை. அடுப்பின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுகத் திணித்து, பின் புட்டியை மெல்லச் சுழற்றி உருவினால் நடுவில் ஒரு துளை நிற்கும். அதன் வழியே தீ ஏறும். தூளில் ஈரம் இருந்துவிட்டால் அன்று ஐந்து குடித்தனத்தாருக்கும் கண்ணீர்தான்.

மீனை அரிவாள்மனையில் செதில் நீக்கி, கல்லுப்பிட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசுவார் அம்மா. வாளை மீனென்றால் கை வழுக்காதிருக்கச் சாம்பலில் புரட்டிக்கொள்வார். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், பின்னர் தக்காளி, அதன்பின் மாவு மில்லில் அரைத்து வந்த குழம்புத்தூளைக் கரைத்த புளித்தண்ணீர். அது கொதித்து, ஓரங்களில் எண்ணெய் பிரியும் வரை மீனைச் சட்டியில் போட விடமாட்டார். மாங்காய்க் காலமானால் இரண்டு கீற்று மாங்காய். மீன் இறங்கிய பிறகு கரண்டி உள்ளே செல்லக்கூடாது. துணியால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். இரவுப் பணி முடிந்து விடியலில் திரும்பும் தந்தைக்காக ஒரு கிண்ணம் தனியே மூடி வைக்கப்பட்டிருக்கும். முந்தைய நாள் குழம்பே உயர்ந்தது என்பது எங்கள் வீட்டில் விவாதத்திற்கு அப்பாற்பட்ட கொள்கை!

ஆயாவின் கைமணம் வேறு. அம்மாவைப் பெற்ற ஆயா எண்ணூரில், கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழ்ந்தவர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. உப்பும் நன்னீரும் மாறிமாறி ஏறி இறங்கும் அந்தத் தண்ணீரில் மடவை, கிழங்கான், ஊடான், நண்டு எல்லாம் உண்டு. ஆனால் ஊர் அறிந்தது அதன் இறாலைத்தான். மாதத்திற்கு ஒருமுறை ஆயா இரயிலேறி இராயபுரம் நிலையத்தில் வந்திறங்குவார். கையில் பனையோலைப் பெட்டி. அதனுள் ஈரத் துணியில் சுற்றிய ஆற்று இறால். (1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட நிலையம் அது என்று பள்ளியில் கற்றுத் தந்தார்கள். எனக்கோ அது ஆயா வந்திறங்கும் நிலையம்.) இறாலை மஞ்சளிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அது விடுகின்ற நீரிலேயே வேகவைத்து, அந்நீர் வற்றிய பிறகே முருங்கைக்காயோடு சேர்ப்பார். கடல் இறாலைவிட அது சிறியது. ஆனால் அதில் ஓர் இனிப்பு உண்டு. நான் பணியாற்றிய பங்குகளில் எத்தனையோ நல்லுள்ளங்கள் எனக்கு இறால் சமைத்துப் படைத்திருக்கின்றனர். அந்த இனிப்பை மட்டும் பின்னர் நான் எங்கும் கண்டதில்லை.

இனித் தவக்காலத்திற்கு வருகிறேன்.

சுத்தபோசனம் என்றால் புலால் தவிர்த்தல். மீனுக்கு அதில் விலக்கு உண்டு. இது நம் மக்கள் அனைவரும் அறிந்ததே. பின்னாளில் பூவிருந்தவல்லி குருமடத்தில் இதற்கான காரணத்தையும் படித்தேன். உண்பவருக்கு மிகுந்த இன்பம் தரும் உணவையே திருச்சபை விலக்கச் சொல்கிறது என்றும், நிலத்தில் வாழும் விலங்குகளின் இறைச்சி அத்தகையது என்றும் புனித தோமா அக்குவினார் விளக்குகிறார். ஐரோப்பாவின் உள்நாட்டில், குளிர்காலத்தில், ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் விருந்தாக இருந்த இடத்தில் இது மிகவும் பொருத்தமான வாதம். காசிமேட்டுக் கரையில் பொருந்துமா?

இந்தக் கேள்வியை அக்குவினாரை அறியாத என் அம்மா எனக்கு முன்பே எழுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் இறைச்சி ஞாயிறன்று மட்டும், அதுவும் சம்பளம் வந்த வாரத்தில். காய்கறியைவிட மலிவாக வாயிலுக்கே வருவது மீன். ஆகவே தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அம்மா மீனையும் நிறுத்திவிட்டார். தந்தை விடுவாரா? "கோயிலே மீன வேணாங்கல. உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?" என்றார். அம்மா சாதம் வடித்துக்கொண்டே சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது: "வெள்ளிக்கெழம கறி வுட்டேன்னு சொல்றது, வராத விருந்தாளிய வராதன்னு சொல்ற மாதிரிங்க. நம்மகிட்ட இருக்கறது மீன்தான். அத வுட்டாத்தான் வுட்டது."

மறுக்க முடியாத இறையியல் அது. தந்தை அன்று பருப்பு இரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் உண்டுவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனார்.

ஆனால் இந்தத் துறவுக்கு வேறொரு பக்கம் இருந்தது. எங்கள் சந்துக்கு அன்றாடம் கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருவர் இருந்தார். கணவரைக் கடலில் இழந்தவர், கிறிஸ்தவர் அல்லர். தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள் மீனை நிறுத்தின. "ஒங்க சாமிக்கு நீங்க பட்டினி கெடந்தா, எங்கூட்டுல ஏம்மா ஒல கொதிக்க மாட்டேங்குது?" என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அம்மாவுக்கு அது தைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பா ஏற்பாடாயிற்று. வாங்காத மீனின் விலையை ஒவ்வொரு வெள்ளியும் அதில் போட்டு வந்தார். பெரிய வியாழனன்று அதை எடுத்து நீட்டியபோது அந்த அம்மையார் வாங்க மறுத்தார். மீன் கொடுக்காமல் காசு வாங்க நான் என்ன பிச்சைக்காரியா என்று கோபித்துக்கொண்டார். நெடுநேரம் பேசி இருவருமாக ஓர் ஒப்பந்தத்திற்கு வந்தனர். அந்தக் காசு முன்பணம். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் முதல், அது தீரும் வரை, அவர் கொண்டு வரும் மீனை அம்மா பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வார். பேரம் பேசாமல் மீன் வாங்குவது வடசென்னைப் பெண்மணிக்கு எவ்வளவு கடினமான தவம் என்பதை அறிந்தவர் அறிவர். திங்கட்கிழமை சங்கரா வரும், செவ்வாயன்று வஞ்சிரத் துண்டுகூட வரும். எங்கள் உயிர்ப்புப் பெருவிழா ஒரு வாரம் நீடித்தது.

நோன்பினால் மிஞ்சியது ஏழைக்குச் சேரவேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை பெரிய லியோ மக்களுக்குப் போதித்தார். அம்மா அதற்கும் ஒரு படி மேலே சென்றார் என்றே எண்ணுகிறேன். என் நோன்பினால் யாருக்கு இழப்பு என்று கேட்டு, அந்த இழப்பை ஈடு செய்தார். துறத்தல் என்பது உள்ளவர் தாமாகச் செய்வது. இழத்தல் என்பது வேறு. அது பிறரால் நேர்வது. மீன்காரம்மா துறக்கவில்லை, இழந்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பால்பவுடர் டப்பா அறிந்திருந்தது.

இப்போது எண்ணூருக்குப் போகும்போதெல்லாம் இந்த வேறுபாடே என் மனத்தை அறுக்கிறது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017-இல் மூடப்பட்டது. 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் புதிய துறைமுகம். நமக்கு மின்சாரம் வேண்டும், எரிபொருள் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து படிந்து, படகு மிதந்த இடத்தில் ஆள் நடக்கும்படி ஆயிற்று. வெந்நீரும் கழிவும் கலந்தன. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கரையொதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளியதை நாமெல்லாம் கண்டோம். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றையும் பக்கிங்காம் கால்வாயையும் கழிமுகத்தையும் மூடியது. படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர், வீட்டுச் சுவர், எல்லாம் கருமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் நள்ளிரவில், அம்மோனியா கசிவால் மூச்சுத் திணறி, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர்.

கடலுக்கே ஓர் ஒருசந்தி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2001 முதல் நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. முதலில் 45 நாட்கள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி சூன் 14 வரை 61 நாட்கள். மீனவர்கள் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். தடை முடிந்து போகும் படகு நிறைந்து வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. அந்த நோன்புக்கு ஓர் உயிர்ப்பு ஞாயிறு உண்டு. கழிமுகத்து மக்கள்மீது சுமத்தப்பட்ட நோன்புக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை.

2024-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ஆம் நாள் வந்தது. அதற்கு அடுத்த வாரம், ஆயா வாழ்ந்த பகுதிக்கு உறவினர் ஒருவரின் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். கழிமுகத்தில் கைகளால் தடவியே இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். வழக்கம்போல், தவக்காலம் எப்படிப் போகிறது, சுத்தபோசனம் கடைப்பிடிக்கிறீர்களா என்று கேட்டு வைத்தேன்.

"நாங்க இந்த வருசம் திசம்பர்லயே ஆரம்பிச்சுட்டோம் சாமி" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எண்ணெய் வந்த நாளிலிருந்து ஆற்றில் இறங்கவில்லையாம். இறங்கியவர்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. பிடித்த கொஞ்சத்தையும் எண்ணூர் மீன் என்று சொன்னால் சந்தையில் எவரும் வாங்குவதில்லை. பேசிக்கொண்டே, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை உட்கார வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அன்று, ஆயினும் இலையில் மீன் குழம்பு. மண்சட்டி, மேலே எண்ணெய் பிரிந்து நின்றது, மாங்காய்க்கு இன்னும் காலம் வரவில்லை. நன்றி கூறிச் செபித்துவிட்டு உண்டேன், சுவையாகவே இருந்தது. கழிமுகத்தைப் பார்த்து வாயில் வைத்துக் கட்டிய அந்த வீட்டில், அந்த மீன் காசிமேட்டிலிருந்து விலைக்கு வந்திருந்தது.

"இன்னொரு துண்டு வச்சுக்குங்க" என்று கரண்டியை நீட்டியவர், "கிலோ இன்னா வெல சொல்றான் தெரியுமா சாமி?" என்றார்.