அவலாஞ்சி ஓடையில் ஒரு பாடம்

சென்ற சித்திரை விடுமுறையில் நாமும் நம் மாணவர் நால்வரும் நீலகிரிக்குச் சென்றிருந்தோம். உதகமண்டலத்து ஏரியையும் பூந்தோட்டத்தையும் பார்த்தபின், வனத்துறையாரின் அனுமதியோடு அவலாஞ்சிக்குப் புறப்பட்டோம். டிரவுட் மீனைக் கண்ணால் கண்டுவிட வேண்டுமென்பது பையன்களின் ஆவல்.

டிரவுட் இம்மலைக்கு உரிய மீன் அன்று. தூண்டில் மோகங்கொண்ட வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து கொணர்ந்த விருந்தாளி. முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. 1907-ஆம் ஆண்டில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்த பிறகே அது இங்கே வேரூன்றிற்று.

ஓடைக்கரைச் செடியொன்றில் சிறு பூச்சி ஒன்று அமர்ந்திருந்தது. "சார், ஈசல்!" என்றான் ஒரு பையன். "ஆம், ஈசலேதான்" என்று பட்டதாரிக்குரிய கம்பீரத்துடன் தீர்ப்பளித்தோம். அருகில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் நகைத்தார். மீன் பொரிக்கும் நிலையத்தில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றவராம்.

"ஈசலுக்கு வால் ஏதுங்க, வாத்தியாரய்யா? நல்லாப் பாருங்க."

பார்த்தோம், நாணினோம். உடலின் நுனியில் மயிரிழை போன்ற மூன்று வால்கள். சில இனங்களில் இரண்டே இருக்குமாம். சிறகுகளோ வண்ணத்துப்பூச்சியினுடையவை போல் முதுகின்மேல் நிமிர்ந்து நின்றன. ஈசல் தன் சிறகுகளைப் படுக்க வைத்துக்கொள்ளும். ஓடையோரத்துக் காடிஸ் பூச்சியோ கூரைபோல் சாய்த்து வைக்கும். நாம் கண்டது ஆங்கிலேயர் 'மேப்ளை' என்னும் பூச்சி.

பெரியவர் நீரிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அதன் அடியில் தட்டையான குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வயிற்றின் இருமருங்கும் இலைபோன்ற செவுள்கள் துடித்தன. இவை நீரில் பல காலம் வளர்ந்து, சிறகு பெற்றபின் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கின்றன. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இன்று வேறில்லை. பிறகு உண்ண வாயுமில்லை. வாழ்வு சில மணி நேரமோ, சில நாட்களோதான்.

ஆங்கிலத் தூண்டில்காரர் மங்கிய சிறகுப் பருவத்தை 'டன்' என்றும், பளபளக்கும் பருவத்தை 'ஸ்பின்னர்' என்றும் தம் மொழியில் பிரித்தழைப்பர். விருந்தாளி மீனின் பெயர் நம் நாவில் புரள்கிறது. அது வருமுன்பே இவ்வோடைகளில் வாழ்ந்த பூச்சிக்கு நம்மிடம் பெயரில்லை!

திரும்பும் வழியில், காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடிய வேறோர் ஓடையில் பையன்கள் பத்துக் கற்களைப் புரட்டினர். வண்டலும் சில செம்புழுக்களுமே கிடைத்தன. வாலுடைய குஞ்சு ஒன்றுகூட இல்லை. மண்ணும் மருந்தும் கலந்த நீரில் அந்த மென்மையான செவுள்கள் எப்படி மூச்சு வாங்கும்? பெயரில்லாத உயிர் மறைந்தால், மறைந்தது இன்னதென்று சொல்லி வருந்தவும் ஆளிராது.

பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் 'ஈசல்' என்பதை அடித்துவிட்டு, "என்ன எழுதட்டும், சார்?" என்றான். 'நிமிர்சிறகி' என்று எழுதச் சொன்னோம். இதனினும் நல்ல பெயர் தோன்றுமாயின் நேயர்கள் தெரிவிக்கலாம். திருத்திக்கொள்ளப் பையனும் ஆசிரியரும் ஆயத்தமாயிருக்கிறோம்.