கடை மூடும் நேரமும் கடைசிப் பஸ்ஸும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

சுற்றுச்சூழல் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஆலைப் புகையும் பிளாஸ்டிக் பையும்தாம். நாள்தோறும் மக்கள் வேலைக்குப் போய்வரும் வழி நினைவுக்கு வருவதில்லை. அது அவரவர் சொந்தப் பாடு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒருவர் பஸ்ஸில் போவதா, மோட்டார் சைக்கிளில் போவதா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்பவர் அவரல்லர். அவருக்கு வேலை கொடுத்தவரே. இதை நான் எங்கள் வீட்டிலேயே காண்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில், தஞ்சையிலிருந்து 15 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டி வரவேண்டும். என் அக்கா தஞ்சையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் டவுன் பஸ்ஸில் போகிறாள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே செலவும் இல்லை. தொல்லை இரவில்தான். துணிகளை மடித்து அடுக்கி, கணக்கு ஒப்படைத்து வெளியே வர மணி ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கடைசி டவுன் பஸ் ஒன்பது மணிக்கே புறப்பட்டுவிடும். வயல் வேலை முடிந்து வந்த அப்பா, தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் தஞ்சைக்குப் போய் அவளை அழைத்து வருகிறார்.

வேதியியல் படிப்பவன் ஆதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக 15, வர 15, ஆக 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 0.6 லிட்டர், மாதம் 25 நாளைக்கு 15 லிட்டர். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய். எங்கள் வீட்டில் இது சிறு தொகையன்று. இனி, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இவ்வளவு எப்படி வரும் என்று கேட்கலாம். அதிலுள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. எடை கூடுவது அதனால்தான். ஆக, எங்கள் வீட்டுக் கணக்கில் மாதம் 34 கிலோவுக்கு மேல்! அக்காவை எட்டரை மணிக்கு விட்டால் இந்த வாயுவும் இல்லை. இந்தச் செலவும் இல்லை. பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது.

இரவில்தான் வாடிக்கையாளர் வருகிறார்கள் என்பார் முதலாளி. உண்மைதான். ஆனால் நகரத்துக்குள் வசிப்பவர்கள் இரவுவரை இருக்கலாம். கிராமத்துப் பெண்கள் காலையில் முன்னதாக வந்து கடை திறக்கலாம். "தம்பி, வேலைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா இருட்டில் வரும்வரை நிற்பதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்றாள் அக்கா. எங்கள் சாலையில் அவளைப்போல் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு மோட்டார் சைக்கிள்களுக்குப் பதில் ஒரு வேன் போதாதா? 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தமிழக அரசு 2019-இல் அனுமதி அளித்தபோது, எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் செய்து தரவேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது.

வேலை கொடுப்பவர் நினைத்தால் வழி பிறக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு மாறியபோது, அதன் பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தது. வீடு அருகில் இருந்தால் கால்நடையே போதும்! அஞ்சல் துறையிலும் இரயில்வேயிலும் சைக்கிளில் பணிபுரிவோருக்கு மிதிவண்டிப் படி உண்டு. 2017-இல் அது மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ஆயிற்று. பெட்ரோலுக்குப் படி தரும் நிறுவனங்கள் சைக்கிளுக்கும் தந்து, நிழலான நிறுத்துமிடமும் முகம் கழுவத் தண்ணீரும் வைத்தால், பக்கத்துத் தெருவிலிருந்து வருபவர் மோட்டார் சைக்கிளைத் தொடுவாரா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல், புதன்கிழமைகளில் ஊழியர்கள் சொந்த வாகனங்களை விட்டுவிட்டுப் பொதுப் போக்குவரத்திலோ சைக்கிளிலோ நடந்தோ வரவேண்டும் என்று கூறியது. நல்ல தொடக்கம். ஆயினும் பஸ் வராத ஊரில் இருப்பவர் என்ன செய்வார்? ஆணையோடு வசதியும் சேர்ந்து வரவேண்டும்.

அலுவலகப் பயணத்துக்கும் இதே நியாயந்தான். நாகையிலிருந்து தஞ்சைக்கு 1861-இலும் திருச்சிக்கு 1862-இலும் இரயில் வந்துவிட்டது. இன்று அது மின்சாரத்தில் ஓடுகிறது. தஞ்சையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் தூங்கிக்கொண்டே சென்னை போய்விடலாம். ஒருவர் தனியே காரில் போகக் கிலோமீட்டர் கணக்கில் பணம் தரும் நிறுவனம், இரயிலில் நல்ல வகுப்புச் சீட்டும் இறங்கியபின் ஆட்டோச் செலவும் தந்தால் என்ன? அரை மணிப் பேச்சுக்குக் காணொளியே போதும்.

காவிரிக் கரையினராகிய நமக்கு இது ஏட்டுப் பேச்சன்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை மறக்க முடியுமா? கடல் சூடேற ஏறப் புயலுக்கு வலுக் கூடும் என்கிறது அறிவியல். ஓர் ஊரின் மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிட்டால் புயல் நிற்காதுதான். ஆனால் ஆழித்தேரின் வடத்தை ஒருவரே இழுப்பதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை அலுவலகங்களிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் பொறுப்பில் அமரப் போகிறோம். யார் எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று எழுதும் பேனா ஒருநாள் நம் கைக்கும் வரும். அன்று, எழுதுமுன் ஒரு கேள்வி கேட்போம்: "உங்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு?"