சல்லடைத் தட்டும் ஓர முள்ளும்

நட்சத்திர மீனைப் பார்த்ததும் கண் போவது நிறத்துக்கு. இனம் பிரிக்க உட்காருகிறவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியதும் அதைத்தான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிசாஸ்டர் ஓக்ரேசியஸ் என்று ஒன்று உண்டு. ஒரே பாறையில் ஆரஞ்சு, ஊதா, பழுப்பு என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனையும் ஒரே இனம். போதாததற்கு, ஆல்கஹாலில் போட்ட சில நாளில் எந்த நிறமும் வெளுத்துவிடும். அருங்காட்சியகப் புட்டியில் மிஞ்சுவது சுண்ணாம்புத் தட்டுகளும் முட்களும்தான்.

கை எண்ணிக்கையையும் அவ்வளவாக நம்ப முடியாது. லிங்கியா மல்டிஃபோரா தன் கையைத் தானே கழற்றிவிடும். கழன்ற கையிலிருந்து முழு உடலும் முளைத்துவிடும். அதனால் ஐந்து கைக்காரர்களோடு நாலு கை, ஆறு கைக்காரர்களும் சகஜம். அதையும் லிங்கியா லேவிகேட்டாவின் குட்டியையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான். அப்போது முதுகைப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கைகளுக்கு இடையே பொத்தான் மாதிரி ஒரு தட்டு இருக்கும். சல்லடைத் தட்டு. உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய்களுக்கு அதுதான் வாசல். மல்டிஃபோராவில் பெரும்பாலும் இரண்டு, லேவிகேட்டாவில் ஒன்று.

அதே தட்டு அட்லாண்டிக் கரையிலும் கைகொடுக்கிறது. மாசசூசெட்ஸின் கேப் காட் பக்கம் ஆஸ்டீரியாஸ் ரூபென்ஸ், ஆஸ்டீரியாஸ் ஃபோர்பெசி இரண்டும் கலந்து கிடக்கும். முன்னது வடக்கத்திய குளிர்நீர்க்காரர், பின்னது தெற்கத்தியவர். ஃபோர்பெசியின் சல்லடைத் தட்டு பளிச்சென்ற ஆரஞ்சு. ரூபென்ஸில் வெளிறிய மஞ்சள். நிறத்தை ஒதுக்கச் சொல்லிவிட்டு நிறத்தையே பேசுகிறேன் என்பது தெரிகிறது. உயிரோடு இருக்கும்வரை இந்த ஒரு புள்ளியின் நிறம் நம்பத்தக்கது, அவ்வளவுதான். புட்டிக்குள் போனபின் வேறு அடையாளம் தேவை. ஃபோர்பெசியின் கை கொழுத்து, நுனி மழுங்கி, தொட்டால் கெட்டியாக இருக்கும். ரூபென்ஸின் கை தட்டையாகக் கூம்பிப்போகும், தொட்டால் தொளதொளப்பு. ரூபென்ஸில் கையின் நடுமுதுகில் முட்கள் ஒரு வரிசையாக ஓடும். ஃபோர்பெசியில் முட்கள் சிதறிக் கிடக்கும்.

இதற்கும் மேல் சந்தேகம் என்றால் பெடிசெல்லேரியா. முட்களைச் சுற்றியும் இடையிலும் இருக்கும் பொடி இடுக்கிகள். உயிருள்ள ஆஸ்டீரியாஸின் முதுகை முன்கை ரோமத்தின் மேல் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்து எடுத்துப் பாருங்கள்: ரோமத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஃபோர்பெசியின் பெரிய இடுக்கி அகன்று மழுங்கியது, ரூபென்ஸினுடையது நீண்டு கூர்ந்தது. இரண்டும் சில இடங்களில் கலப்பினமும் ஈனுகின்றன. அங்கே இந்தப் பட்டியல் முழுக்கக் கைவிட்டுவிடும்.

நம் பக்கம் வருவோம். மன்னார் வளைகுடாவின் புரோட்டோரியாஸ்டர் லிங்கி: சாம்பல் உடல், சிவப்புக் குமிழ்கள், அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகள். அதன் நெருங்கிய உறவு புரோட்டோரியாஸ்டர் நோடோசஸ், மேற்குப் பசிபிக்கில் பரவலானது. கருத்த கொம்புகள் கொண்டது. காய்ந்து நிறம் போய்விட்டால் ஓரத்தைப் பார்த்தால் போதும். லிங்கியில் கை நுனியை நெருங்கும்போது ஓரத் தட்டுகளிலிருந்து பக்கவாட்டில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நோடோசஸில் அந்த ஓரம் மொட்டை. (லிங்கி, லிங்கியா இரண்டு பெயரும் ஒருவருக்காக வைத்தவை: லைப்சிக் நகரத்து மருந்துக் கடைக்காரர் லிங்க். 1733இல் நட்சத்திர மீன்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டவர்.)

மணலில் புதையும் அஸ்ட்ரோபெக்டன் இனங்களுக்கும் ஓரத் தட்டுதான் ஆதாரம். மேல் வரிசையில் முள் உண்டா, எந்தத் தட்டில் உண்டு, கீழ் வரிசையில் எத்தனை என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. வளர வளரத் தட்டுகள் கூடிக்கொண்டே போகும் என்பதால், நடுவிலிருந்து கை நுனிவரை உள்ள நீளத்தை அளக்காமல் தட்டை எண்ணிப் பயனில்லை.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஆஸ்திரேலியப் பக்கத்துப் பார்வுலாஸ்ட்ராவில் இருக்கிறது. விரல் நகத்தளவு உயிர்கள். பார்வுலாஸ்ட்ரா எக்ஸிகுவாவுக்கு இனப்பெருக்கத் துளைகள் வாய்ப்பக்கம், அதாவது அடியில். முட்டைகளைக் கல்லின் அடிப்பரப்பில் ஒட்டவைக்கிறது. துளை அங்கே இருந்தால்தான் அது நடக்கும். டாஸ்மேனியாவின் பார்வுலாஸ்ட்ரா விவிபாரா குட்டி போடுகிறது; அதன் துளைகள் முதுகில். வாழ்க்கைமுறை மாறியது துளையின் இடத்திலேயே தெரிகிறது. குவீன்ஸ்லாந்தின் கிரிப்டாஸ்டெரினா இனங்களில் இந்த வசதி கிடையாது. பென்டகோனா, ஹிஸ்டெரா இரண்டும் வெளியில் அநேகமாக ஒரே அச்சு. அறுத்துப் பார்க்க வேண்டும். பென்டகோனாவில் ஆண் வேறு, பெண் வேறு. ஹிஸ்டெராவில் ஒரே உடலில் இரண்டும், இனப்பெருக்க உறுப்புக்குள்ளேயே குஞ்சுகள். 2003இல்தான் அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது.

பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனை வெகுகாலம் ஒரே இனம் என்றே எண்ணியிருந்தார்கள். 2008இல் மரபணு ஆய்வு அதை நான்காகப் பிரித்தது. செங்கடல் வகைக்கு 2022இல் அகாந்தாஸ்டர் பென்சீ என்று பெயர் வைத்தபோது ஆய்வாளர்கள் மறுபடியும் உடலைத்தான் பார்த்தார்கள்: கைகள் 11 முதல் 14 வரை, மெல்லிய முட்கள். மரபணு சொன்னபிறகு கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தது. உடற்கூறு பழைய சங்கதி என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கடற்கரையில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகுப் படம் ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். சல்லடைத் தட்டு கிட்டத்தில், கையின் ஓரம் பக்கவாட்டில், மெல்லத் திருப்பி அடிப்பக்கம். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வையுங்கள். எடுத்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே, நீருக்குள், வாய் கீழே இருக்கும்படி விட்டுவிடுங்கள்.