‘அக்கறை இல்லை’ என்று எழுதியவன்

பத்தாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் ஃபெயிலானதற்குத் தலைமையாசிரியர் விளக்கம் கேட்கும்போதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ‘வீட்டுச் சூழல் சரியில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ திருப்பூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். அப்பா, அம்மா இரண்டு பேரும் அப்படிப் போனால்தான் லைன் வீட்டு வாடகையும் மளிகைக் கடை பாக்கியும் தீரும். மூத்த பெண் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்டு, அந்த ஒற்றை அறையில் அடுப்புக்கும் டிவிக்கும் நடுவில் நோட்டைத் திறக்க வேண்டும். இந்தப் பெற்றோரைத்தான் வேலை நாளில் காலை பத்தரை மணிக்குக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். வந்தால் கூலி போகும். வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று எழுதினேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அவர்களிடம் நான் வாங்கியது கையெழுத்து மட்டும்தான். ஒரு யோசனைகூடக் கேட்டதில்லை.

பி.எட். படிக்கும்போது கோல்மன் அறிக்கை பாடமாக வந்தது. அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966இல் வெளியானது. பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே படிப்பை அதிகம் தீர்மானிக்கிறது என்று அது சொன்னதை ஆசிரியர் அறையில் அடிக்கடி எடுத்துப் பேசுவேன். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நல்ல ஆசிரியர் கிடைப்பது கூடுதலாக உதவும் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அதை மட்டும் பேசியதில்லை. பேசினால் பொறுப்பு என் தலையில் விழும்.

ஒரு மாணவி ஒருநாள் மாலை கேட்டாள்: “பள்ளிக்கூடம் விட்டப்புறம் ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்து கணக்குப் போட்டுக்கட்டுங்களா, சார்?”

“ரூமைப் பூட்டணும். வீட்டுல போய்ப் போடு” என்றேன். எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்தே சொன்னேன். கணக்கில் ஃபெயிலானாள். துணைத் தேர்வு எழுத வரவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவளுக்கும் அதே வரியைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

என் மகனுக்கு வீட்டில் தனி மேசை இருந்தது. அவன் படிக்கும் நேரத்தில் டிவி போட மாட்டோம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வீடு பிள்ளைக்கு என்ன தரும் என்பதை எந்த அறிக்கையும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று வகுப்பறையை அவசரமாகப் பூட்டியதும் அவன் ட்யூஷன் நேரத்துக்குள் வீடு சேர வேண்டும் என்றுதான்.